கம்பியில் இல்லாத எதிரொலி மெஷ்ஷில் எப்படி வந்தது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கோத்தகிரியைச் சேர்ந்த ஓர் இறுதியாண்டு மாணவர் கேட்டிருக்கிறார். மலைச்சாலையோரச் சரிவு சரியாமல் இருக்க சாயில் நெயிலிங் செய்கிறார்களே, அதில் உள்ளே போகும் 25 மி.மீ. இரும்புக் கம்பிதான் அவருடைய புராஜெக்ட். நீளம் 6 மீட்டர். வெளியே தெரியும் தலையில் சுத்தியலால் தட்டினால் அலை உள்ளே ஓடி, நுனியில் மோதித் திரும்பும். திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்து மண்ணுக்குள் உண்மையில் எத்தனை மீட்டர் கம்பி இருக்கிறது என்று கணக்கிடலாம். அதை ஃபைனைட் எலிமென்ட் முறையில், அதாவது கம்பியை எலிமென்ட் என்ற சின்னத் துண்டுகளாக வெட்டி (அந்த வலைதான் மெஷ்), கணினியில் செய்து பார்த்திருக்கிறார். தலைப் பக்கம் 300 மி.மீ. வரை 5 மி.மீ. எலிமென்ட், அதற்கப்புறம் நுனி வரை 60 மி.மீ. எலிமென்ட். மூன்று சிக்கல்கள். அலை திரும்பும் நேரம் மெஷ்ஷை மாற்றினால் மாறுகிறது. அலைக்குப் பின்னால் வால் மாதிரி சிற்றலைகள் ஓடுகின்றன. தலையிலிருந்து 300 மி.மீ. தூரத்தில் ஒன்றுமே இல்லை, ஆனால் அங்கிருந்து ஒரு சின்ன எதிரொலி வருகிறது. "மெஷ் கன்வர்ஜென்ஸ் பார்த்தேன், தலையில் தகைவு மாறவில்லை, அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் பார்த்த கன்வர்ஜென்ஸ், அதாவது மெஷ்ஷை நுணுக்கினாலும் விடை மாறாத நிலை, நிலையான சுமைக்கு உரியது. பிராக்கெட்டில் பாரம் தொங்குகிறது, மூலையில் தகைவு அதிகம், அந்த மூலையில் மட்டும் எலிமென்ட்டைச் சின்னதாக்கு, மற்ற இடம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. கல்லூரியில் நாம் எல்லோரும் படித்தது இதுதான். அலைக் கணக்கில் இந்தப் பழக்கம் அப்படியே காலை வாரிவிடும். இப்போது தலையில் இருக்கும் தகைவு அடுத்த மில்லிவிநாடியில் ஐந்து மீட்டரைத் தாண்டியிருக்கும். அது போகிற வழி முழுவதும் எலிமென்ட்தான். உங்கள் கணினிக்குள் இரும்பு என்று ஒன்று கிடையாது. நோடுகளில் (எலிமென்ட்டுகள் சேரும் புள்ளிகளில்) எடையும் நடுவில் ஸ்பிரிங்கும் கோத்த ஒரு சங்கிலிதான் இருக்கிறது. அலை ஓடுவது அந்தச் சங்கிலியில். அதற்கென்று ஒரு வேகம், ஒரு வரம்பு, தன் இஷ்டத்துக்கு எதிரொலிக்கும் குணம் எல்லாம் உண்டு. உங்கள் மூன்று சிக்கல்களும் இந்த மூன்றும்தான்.

வேகத்திலிருந்து தொடங்கலாம். இரும்பின் மீள்தன்மைக் குணகம் 210 ஜிகாபாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், மெல்லிய கம்பியில் அலை வேகம் விநாடிக்கு சுமார் 5170 மீட்டர். 12 மீட்டர் போய்வர 2.32 மில்லிவிநாடி ஆக வேண்டும். உங்கள் சுத்தியல் அடி 50 மைக்ரோவிநாடி என்று கொடுத்திருக்கிறீர்கள், அரை சைன் வடிவம். அதில் இருக்கும் ஆற்றலில் பெரும்பகுதி 30 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். 10 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 517 மி.மீ., 30-இல் 172 மி.மீ. இப்போது உங்கள் 60 மி.மீ. எலிமென்ட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 10 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு எட்டரை எலிமென்ட் கிடைக்கிறது, 30-க்கு மூன்றுகூட இல்லை.

எலிமென்ட் குறைந்தால் அலைக்கு என்ன ஆகும்? எடையை நோடுகளில் குவித்து வைத்து, ஒரு கணத்தின் விடையிலிருந்தே அடுத்த கணத்தைக் கணக்கிடும் எக்ஸ்ப்ளிசிட் முறையில் அலை மெதுவாகும். அதிர்வெண் கூடக் கூட இன்னும் மெதுவாகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 60 மி.மீ. எலிமென்ட்டில் 10 கிலோஹெர்ட்ஸ் பகுதியின் ஆற்றல் சுமார் 7 சதவீதம் மெதுவாகப் போகிறது. 6 மீட்டர் கம்பியை அந்தப் பகுதி 6.4 மீட்டர் என்று காட்டும். 20 கிலோஹெர்ட்ஸ் பகுதி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேகத்தை இழக்கிறது. உங்கள் வால் இதுதான். ஒன்றாகப் புறப்பட்ட கூட்டத்தில் கனமானவர் முன்னால் போய்விட, பொடிசுகள் எல்லாம் பின்னால் இழுபட்டு வருகிறார்கள்.

சரி, வரம்பு எங்கே? எலிமென்ட் நீளத்தைப் பையால் (π) பெருக்கி, அலை வேகத்தை அதால் வகுங்கள். 60 மி.மீ.க்கு 27 கிலோஹெர்ட்ஸ் சொச்சம் வரும். அதற்கு மேலே இருக்கும் அதிர்வெண் அந்த மெஷ்ஷுக்குள் நுழையவே முடியாது. நுழைய முடியாதது எங்கே போகும்? வந்த வழியே திரும்பும். உங்கள் 300 மி.மீ. எதிரொலியின் பிறப்பிடம் அங்கேதான். 27-க்குக் கீழே இருப்பதிலும் ஒரு பங்கு திரும்பும், ஏனென்றால் 5 மி.மீ. மெஷ்ஷும் 60 மி.மீ. மெஷ்ஷும் அலைக்கு இரண்டு வேறு பொருட்கள். மேட்டுப்பாளையத்தில் இதைத் தினமும் பார்க்கலாம். அகலப்பாதையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் கொண்டுவந்து இறக்கும் கூட்டம் முழுவதும் மீட்டர் கேஜ் மலை ரயிலில் ஏறிவிட முடியாது. இடம் கிடைக்காதவர்கள் திரும்பி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடப்பார்கள். தண்டவாளத்தில் குறை ஒன்றுமில்லை, கேஜ்தான் வேறு.

இதில் நானே வாங்கிய அடி ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன்பு, கட்டபெட்டுப் பக்கம் ஒரு சரிவு வேலை. கம்பிகள் நடுவில் கப்ளர் போட்டு இணைத்தவை, தலையிலிருந்து சுமார் 2 மீட்டரில் இணைப்பு. கப்ளர் இருக்கும் கம்பியின் சிக்னல் எப்படி இருக்க வேண்டும் என்று நான் மாடல் செய்து கொடுத்தேன். 0.77 மில்லிவிநாடியில் அழகாக ஒரு மேடு. 2 மீட்டர் போய்வரும் நேரமும் அதுதான். களத்தில் தட்டிப் பார்த்த மூன்று கம்பிகளில் அந்த மேடே இல்லை. "கப்ளர் சரியாக உட்காரவில்லை போல, ஒன்றைத் திறந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். தூறல் வேறு. நாலு பேர் அரை நாள் கடப்பாரையும் கையுமாக நின்று 2 மீட்டர் வரை திறந்தார்கள். கப்ளர் பளபளவென்று, மரை முழுவதும் இறங்கி, சரியாக உட்கார்ந்திருந்தது. மேஸ்திரி அதைத் துணியால் துடைத்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு, இதுக்கா தோண்டச் சொன்னீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து மாடலைத் திறந்தேன். கப்ளரைச் சுற்றி 3 மி.மீ. மெஷ், அதன் இரு பக்கமும் 50 மி.மீ. வெறும் 100 மி.மீ. நீளமுள்ள கப்ளர், அரை மீட்டர் நீள அலைக்குப் பெரிய தடை கிடையாது. கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். களத்துக் கருவியின் இரைச்சலில் அது மூழ்கிவிட்டது. என் மேட்டில் பாதிக்கு மேல் மெஷ் மாறிய இடத்தின் கைவேலை.

அன்றிலிருந்து நான் விடாமல் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. அதை வெறும் கம்பிச் சோதனை என்று சொல்வேன். மெஷ் அப்படியே இருக்கட்டும். அதில் உள்ள கப்ளர், விரிசல், குறைபாடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எல்லா எலிமென்ட்டுக்கும் ஒரே குறுக்குவெட்டு, ஒரே இரும்பு கொடுத்து ஓட்டுங்கள். நுனியிலிருந்து ஒரே ஓர் எதிரொலி வர வேண்டும். நடுவில் எது வந்தாலும் அது மெஷ் எழுப்பியது. பத்து நிமிட வேலை. அன்றைக்கு நான் இதைச் செய்திருந்தால் அந்த நாலு பேரும் நனைந்திருக்க மாட்டார்கள்.

"திடீரென்று மாற்றாமல் 5, 6, 7 என்று படிப்படியாகப் பெரிதாக்கினால் சரியாகிவிடுமா?" என்று அடுத்து கேட்பீர்கள். பாதி சரியாகும். பக்கத்துப் பக்கத்து எலிமென்ட்டுகள் ஒன்றுக்கொன்று 10, 20 சதவீதத்துக்குள் மாறினால், வரம்புக்குக் கீழே இருக்கும் அதிர்வெண்கள் பெரிய சத்தம் இல்லாமல் தாண்டிவிடும். ஆனால் கடைசியில் போய்ச் சேரும் எலிமென்ட் 60 மி.மீ. என்றால், 27 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பது எப்படியும் திரும்பத்தான் போகிறது. ஒரே இடத்தில் திரும்பாமல், ஒவ்வொரு அதிர்வெண்ணும் ஒவ்வோர் இடத்தில் திரும்பும். எதிரொலி குட்டையாகி நீண்டு பரவிவிடும், கண்ணுக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் இது திடீர் மாற்றத்தைவிட ஆபத்து, அதுவாவது கூர்மையாகத் தெரிந்து சந்தேகத்தைக் கிளப்பும். ஆகவே அலை போகும் வழி முழுவதும் ஒரே அளவு வையுங்கள். மிகப் பெரிய எலிமென்ட்கூட உங்களுக்கு வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணைச் சுமக்கும்படி இருக்கட்டும். ஓர் அலைநீளத்துக்குப் பத்து எலிமென்ட் என்பது பழைய விதி. கட்ட வேகப் பிழை, அதாவது அலைமுகடு ஓடும் வேகத்தில் வரும் பிழை, அதில் ஒன்றரை சதவீதம் சொச்சம் வரும் (மேலே சொன்ன 7 சதவீதம் ஆற்றல் ஓடும் வேகத்தில்). இருபது வைத்தால் அரை சதவீதத்துக்குக் கீழே. நீளத்தை அளக்கும் வேலைக்கு நான் இருபதுக்குக் குறைய மாட்டேன்.

அடுத்தது டைம் ஸ்டெப், கணினி ஒரு தடவையில் தாண்டும் நேரத் துண்டு. அதையும் மெஷ்தான் தீர்மானிக்கிறது. எக்ஸ்ப்ளிசிட் முறையில் ஒரு ஸ்டெப்புக்குள் அலை ஓர் எலிமென்ட்டைத் தாண்டிவிடக் கூடாது. கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லீவி மூவரும் இந்த விதியை 1928-இல் எழுதினார்கள், கணினி என்று ஒன்று வருவதற்கு முன்பே. மாடலில் இருப்பதிலேயே சின்ன எலிமென்ட் எதுவோ அதுதான் எல்லோருக்கும் ஸ்டெப் நிர்ணயிக்கும். குன்னூர் மலைப்பாதையில் மரம் ஏற்றிய லாரி முன்னால் போனால், பின்னால் வருவது காரோ பைக்கோ, நாற்பது வண்டியும் லாரி வேகத்தில்தான். தலையில் நட்டின் மரையை அப்படியே வரைந்து 0.5 மி.மீ. எலிமென்ட் விழவிட்டால், 6 மீட்டர் கம்பியும் அந்த மரைக்காகக் காத்திருக்கும். மரை உங்கள் கேள்விக்கு ஒரு பதிலும் தரப்போவதில்லை, அதை மழித்துவிடுங்கள்.

நேரம் வீணாவதைவிட மோசமான விஷயம் ஒன்று இதற்குள் இருக்கிறது, பாடப்புத்தகங்கள் இதை வேகமாகத் தாண்டிவிடுகின்றன. சீரான ஒற்றைப் பரிமாண மெஷ்ஷில் டைம் ஸ்டெப் சரியாக வரம்பின் மேல் உட்கார்ந்தால், இடத்தைத் துண்டாக்கிய பிழையும் நேரத்தைத் துண்டாக்கிய பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அலை பிசகாமல் ஓடும். ஸ்டெப் அந்த வரம்புக்குக் கீழே போகப் போக, இடப் பிழை முழுசாக வெளியே தெரிய ஆரம்பிக்கும். உங்கள் மாடலில் 5 மி.மீ. எலிமென்ட் ஸ்டெப்பைத் தீர்மானித்ததால், 60 மி.மீ. எலிமென்ட்டுகள் தங்கள் வரம்பில் பன்னிரண்டில் ஒரு பங்கில் ஓடின. தலையில் நுணுக்கமாக மெஷ் போட்டு நீங்கள் மற்ற இடத்தின் துல்லியத்தைக் கெடுத்துக்கொண்டீர்கள். "ஸ்டெப்பைச் சின்னதாக்கினேன், இன்னும் மோசமானது" என்று சிலர் புலம்புவதற்கும் இதுவே காரணம். மாஸ் ஸ்கேலிங் என்று ஒரு பட்டன் ஆசை காட்டும். எடையைக் கூட்டினால் ஸ்டெப் பெரிதாகும், கூடவே அலை வேகமும் மாறிப்போகும். அலைக் கணக்கில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஒவ்வொரு ஸ்டெப்பிலும் எல்லாச் சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்க்கும் இம்ப்ளிசிட் முறைக்கு மாறலாமா என்றால், அங்கே எடையைப் பரவலாக வைக்கும் வழக்கம், அலை உண்மையைவிட வேகமாக ஓடும். ஸ்டெப்பைப் பெரிதாக்கினால் மறுபடி மெதுவாகும். இரண்டும் சேர்ந்து சரியான விடை வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

எல்லாப் பழியையும் மெஷ்மேல் போடவும் வேண்டாம். தடித்த கம்பியில் உயர் அதிர்வெண்கள் நிஜமாகவே மெதுவாகத்தான் போகும், ஏனென்றால் கம்பி நீளவாக்கில் அமுங்கும்போது பக்கவாட்டில் உப்ப வேண்டியிருக்கிறது. உங்கள் 25 மி.மீ. கம்பியில் 30 கிலோஹெர்ட்ஸில்கூட இது கட்ட வேகத்தில் அரை சதவீதம்தான். 100 மி.மீ. தண்டாக இருந்தால் கதை வேறு. வாலில் தெரியும் சிற்றலை நிஜமா மெஷ்ஷா என்று பிரிக்க ஒரே வழி, எலிமென்ட்டைப் பாதியாக்கி ஓட்டுவது. சிற்றலையின் இடைவெளியும் அதோடு சேர்ந்து சுருங்கினால் மெஷ். அப்படியே நின்றால் இயற்பியல்.

அடியைக் கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். ஒரே நோடில், பூஜ்ய நேரத்தில் உச்சத்துக்கு ஏறும் விசையைக் கொடுத்தால் அதில் எல்லா அதிர்வெண்ணும் இருக்கும், எந்த மெஷ்ஷும் தாங்காது. எவ்வளவு நுணுக்கினாலும் அலைமுகப்பில் கொம்பு முளைத்தபடியே இருக்கும். ஏறுவதற்கு ஒரு நேரம் கொடுங்கள், முகப்பு முழுவதும் பரப்பிக் கொடுங்கள். ஒற்றை நோடில் குத்தினால் ரெட்யூஸ்ட் இன்டெக்ரேஷன் (வேலையைக் குறைக்கக் குறைந்த புள்ளிகளில் மட்டும் தகைவைக் கணக்கிடும்) எலிமென்ட்டுகள் மணற்கடிகாரம் மாதிரி இடுப்பு ஒடுங்கி நெளியும். அந்த நெளிவு ஆற்றலைத் தின்னும். இன்னொன்று, பல்க் விஸ்காசிட்டி என்ற செயற்கைத் தணிப்பை சாஃப்ட்வேரே பெரும்பாலும் கேட்காமல் போட்டிருக்கும். சிற்றலையை அது அழகாக மழுப்பும், உண்மையான உச்சத்தையும் கொஞ்சம் வெட்டும். படம் அழகாக இருக்கிறதே என்று அதைக் கூட்டிவிடாதீர்கள்.

இதுவரை வெறும் கம்பி. கம்பியைச் சுற்றி கிரவுட் (துளையை நிரப்பும் சிமென்ட் கலவை), அதைச் சுற்றி மண் என்று போனால் நம்ம ஊர் மண் தன் வேலையைக் காட்டும். நீலகிரியின் அடிப்பாறை சார்னோக்கைட், பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருக்கும் அதே வகைக் கல். உடையாத பாறையில் அமுக்க அலை 6000 மீட்டருக்கு அருகில் ஓடும். ஆனால் கம்பி இறங்குவது பெரும்பாலும் அதன் மேல் படிந்த சிதைந்த செம்மண்ணில், அங்கே குறுக்கலையின் வேகம் சில நூறு மீட்டர்தான். 200 என்று வையுங்கள். 10 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 20 மி.மீ. இருபது எலிமென்ட் வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் 1 மி.மீ. பலர் இங்கே தலைகீழாகச் செய்வார்கள்: இரும்பு முக்கியம் என்று அதற்கு நுண்ணிய மெஷ், மண்ணுக்குப் பெரிய மெஷ். அலைநீளம் மிகக் குறுகியது மிக மெதுவான பொருளில்தான். எலிமென்ட் அளவை மெதுவான பொருள் கேட்கும், டைம் ஸ்டெப்பை வேகமான பொருள் கேட்கும். இரண்டும் ஒரே மாடலில் சேர்ந்தால் கணக்கு ஊதிப்பெருகும்.

உங்களுக்கு மண்ணின் உள்ளே என்ன நடக்கிறது என்பது தேவையில்லை. எவ்வளவு ஆற்றல் கசிந்து போகிறது என்பது போதும். அதனால் மண்ணை வரையவே வேண்டாம். கிரவுட்டின் வெளிப்பரப்பில் டாஷ்பாட் (அலையின் ஆற்றலை உறிஞ்சும் தணிப்பான்) வையுங்கள். லைஸ்மரும் குலமேயரும் 1969-இல் சொன்ன வழி இது. ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் தணிப்பு என்பது மண்ணின் அடர்த்தியை அலை வேகத்தால் பெருக்கியது. பரப்பை ஒட்டிய திசைக்குக் குறுக்கலை வேகம், செங்குத்துத் திசைக்கு அமுக்க அலை வேகம். மண்ணை வரைந்து அதன் ஓரத்தைச் சும்மா விட்டால், அந்த ஓரம் சுவர் மாதிரி அலையைத் திருப்பி அனுப்பும். மலையில் கூப்பிட்டால் எதிர்மலை பதில் சொல்லுமே, அதே கதை, இங்கே எதிர்மலை நீங்கள் கட்டியது.

உங்கள் மடிக்கணினியில் ஓடுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். முப்பரிமாணத்தில் வேண்டாம். அங்கே எலிமென்ட்டைப் பாதியாக்கினால் எண்ணிக்கை 8 மடங்கு, ஸ்டெப் 2 மடங்கு, மொத்தம் 16 மடங்கு வேலை. கம்பி உருண்டை, அடியும் நடுவில். ஆக்ஸிசிமெட்ரிக், அதாவது அச்சிலிருந்து ஓரம் வரை ஒரு பாதி வெட்டுமுகத்தை மட்டும் வரைவது, போதும். 100 மி.மீ. துளையில் கிரவுட் என்றால் ஆரம் 50 மி.மீ., நீளம் 6 மீட்டர். எங்கும் 4 மி.மீ. சதுர எலிமென்ட் போடுங்கள், சதுரம் முக்கியம். நீளமான செவ்வகமாக இழுத்தால் நீளவாக்கில் ஒரு வேகம், குறுக்கே வேறு வேகம் என்று ஆகி, ஊட்டி ஏரியில் கல் போட்டால் வட்டமாகப் பரவ வேண்டிய அலை மூலை வைத்துப் பரவும். மொத்தம் 18,000 எலிமென்ட் சொச்சம், வெறும் கம்பிக்குப் போதுமான 2.5 மில்லிவிநாடிக்கு நாலாயிரம் ஸ்டெப் சொச்சம்; கிரவுட்டைச் சேர்த்தால் அலை மெதுவாகும், ஓட்டும் நேரத்தையும் கூட்டுங்கள். கிரவுட்டின் குறுக்கலைக்கும் 30 கிலோஹெர்ட்ஸில் அலைநீளத்துக்குப் பதினெட்டு எலிமென்ட் கிடைத்துவிடும். ஒரு டீ போட்டுக் குடிப்பதற்குள் முடிந்துவிடும்.

முதலில் கிரவுட் இல்லாமல் வெறும் கம்பியை ஓட்டி 2.32 மில்லிவிநாடியில் எதிரொலி வருகிறதா பாருங்கள். வந்தபின் கிரவுட்டைச் சேருங்கள். அப்போது அலை மறுபடி மெதுவாகும், பயப்பட வேண்டாம். அது இரும்பும் கிரவுட்டும் சேர்ந்து ஓடுவதால் வருவது, எலிமென்ட்டைப் பாதியாக்கினாலும் மாறாது.